குடைக்காரம்மா வந்தால் மழை வருமா?

ஆற்றோரத் தெருவில் ஒரு வதந்தி உலவுகிறது. வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் கறுப்புக் குடையோடு தெருவுக்குள் நுழைந்தால் மழை கொட்டுமாம். மழை கொட்டினால் வீட்டு விலை இறங்குமாம். ஆகவே அவரை யாரும் தெருவுக்குள் விடக்கூடாதாம்.

இதை முதலில் சொன்னவர் அந்தத் தெருவின் முடிதிருத்துபவர். என் கழுத்தோரம் கத்தியை வைத்துக்கொண்டு சொன்னதால் உடனே மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

“சும்மா சொல்லலீங்க. போன தடவ அந்தம்மா இதே வாசல்ல வந்து நின்னாங்க, வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. அதுக்கு முந்தின தடவ வந்தாங்க, அப்பவும் ஊத்துச்சு. வராத நாளப் பாருங்க, பளிச்சுன்னு வெயில்!”

“தற்செயலா இருக்கும்.”

“ஒரு தடவன்னா தற்செயல். ஒவ்வொரு தடவையுமா? எதிர்வீட்டுக்காரரு வீட்ட விக்கறதா இருந்தாரு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. அந்தம்மா குடைய விரிச்சுக்கிட்டு வந்து, கதவு நிலையில டேப்ப வெச்சு என்னமோ அளந்துட்டுப் போச்சு. வாங்கறேன்னு சொன்ன ஆளு, ‘வந்துக்கிட்டே இருக்கேன்’னு போன்ல சொல்றாரு. இன்னும் வந்துக்கிட்டே இருக்காரு.”

இவ்வளவு திறமை உள்ளவரை வறட்சிப் பகுதிக்கு மாற்றாமல் இங்கே வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆதங்கம். சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். முன்னெச்சரிக்கையாக நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான்.

வங்கிக் கிளை மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறியதும் முதலில் கண்ணில் படுவது ஜன்னல் திரைச்சீலைகள். அவை ஒரு காலத்தில் பச்சையாக இருந்தனவாம். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் ஊழியர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். அந்த ஜன்னலோரம், நாற்காலி முதுகில் கறுப்புக் குடையை மாட்டிவிட்டு, ஓர் அம்மாள் பெரிய குரலில் யாரிடமோ தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கட்டடப் பொறியியல் படித்தவர். வீட்டின் மேல் கடன் கேட்போரின் வீட்டைப் போய்ப் பார்த்து, இது இவ்வளவு பெறும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அடக்கமானவர் என்று யாரும் அவர் மேல் குற்றம் சாட்டியதில்லை.

வதந்தியைச் சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் ரப்பர் முத்திரையைக் கீழே போட்டுவிட்டார், அப்படி ஒரு சிரிப்பு.

“நான் போனா மழ வருதுன்னா சொல்றாங்க? மழ வந்தாத்தாங்க நானே போறேன்! பாவம், மாத்திப் புரிஞ்சுக்கிட்டாங்க.”

வதந்தி அதோடு செத்துப்போனது. ஆனால் அதைவிட விசித்திரமான கேள்வி ஒன்று பிறந்தது. மழை வந்தால் நாமெல்லாம் வீட்டுக்குள் ஓடுகிறோம். இந்த அம்மாள் ஏன் அடுத்தவர் வீட்டுக்கு ஓடுகிறார்?

அதற்கு வங்கிகளின் ஒரு வழக்கம் தெரியவேண்டும். இந்த வங்கிக்குக் கணக்கு முடிக்கும் காலம் கோடையில் வருகிறது. அதற்குள் இலக்கை எட்டவேண்டும் என்று மேலிருந்து விரட்டுவார்கள். ஆகவே வருடம் முழுக்கத் தூங்கும் கடன் மனுக்கள் எல்லாம் கோடையில் எழுந்து உட்காரும். வீடு பார்க்கப் போவது, படம் எடுப்பது, அளப்பது, அத்தனையும் அப்போதுதான். மழைக்காலத்தில் யாரும் போவதில்லை, கேமரா நனைந்துவிடும். வருடக்கணக்காக இதுதான் நடைமுறை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல, ஆனால் திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. வங்கியிடம் அடமானத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளின் படங்களைப் பரப்பிப் போட்டால், எல்லாவற்றிலும் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஒரு படத்திலாவது ஈரமான தரை கிடையாது. அந்த வங்கி தன் வாழ்நாளில் மழையையே பார்த்ததில்லை.

“நானும் அப்படித்தான் இருந்தேன்,” என்றார் அம்மாள், ஏதோ அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. “ஒருநாள் அந்தத் தெருவுல வண்டி நின்னுபோச்சு. பேய் மழ. பக்கத்து வீட்டுல ஒதுங்கினேன். பார்த்தா, நான் கோடைல வந்து ‘மிக நன்று’ன்னு எழுதிக் குடுத்த வீடு. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேச மேல ஏறி, காலத் தூக்கி வெச்சுக்கிட்டு, மடியில டிவியோட உக்காந்திருக்காரு. ‘வாங்க மேடம், மேசைல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு’ங்கறாரு!”

“நீங்க?”

“ஏறி உக்காந்துட்டேன். வேற என்ன பண்றது?”

மேசை மேல் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தபோதுதான் சுவர் அவர் கண்ணில் பட்டது. இடுப்பளவு வரை காப்பிக் கலர், அதற்கு மேல் வெள்ளை. தண்ணீர் சரியாகக் காப்பிக் கலருக்குள் அடங்கி நின்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், தெரு முழுக்க எல்லா வீட்டிலும் இதே பூச்சு. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கறை தெரியாமலிருக்கப் பூசுவது. கோடையில் எழுதிய தம் அறிக்கையில் அவர் அதைப் பற்றி ஒரு வரி குறிப்பிட்டிருந்தார்: ‘இரு வண்ணப் பூச்சு. உரிமையாளர் ரசனை உள்ளவர்.’

அன்றிலிருந்து வானம் இருட்டினால் அம்மாள் குடையையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிளை மேலாளர் படிவரை பின்னாலேயே ஓடிவருவார். மேலாளர் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் “மேலிடத்துல என்ன சொல்லுவாங்களோ” என்பதால் ‘மேலிடம்’ என்றே பெயர் ஆகிவிட்டது.

“மேடம், வெயில் வரட்டுமே. வீடு எங்க ஓடிடப் போவுது?”

“வீடு ஓடாது சார். நாம குடுத்த கடன்தான் ஓடிடும்.”

இதுவரை கேட்டால் ஒரு பிடிவாதக்கார அம்மாளின் கதை. ஆனால் பிறகு வந்தது பெரிய தலைவலி. தெருவுக்கு வெள்ளக் காப்பீடு கொடுத்துவந்த நிறுவனம், ஒரு மழைக்காலத்தில் நிறைய இழப்பீடு கொடுத்து நொந்துபோய், அடுத்த வருடம் மிகப் பணிவாக ஒரு அறிவிப்பு அனுப்பியது: இனி உங்கள் தெருவுக்கு இல்லை. காப்பீடு இல்லாத வீட்டுக்குக் கடன் தரக்கூடாது என்பது வங்கியின் விதி. நேரம் பார்த்து, எல்லா வங்கிகளுக்கும் மேலே இருக்கும் பெரிய வங்கி ஒரு கேள்வியும் கேட்டுவிட்டது: பெருமழை பெய்தால் உங்கள் கதி என்ன? தலைமை அலுவலகம் அரண்டுபோய் ஊர் வரைபடத்தை விரித்தது. ஆற்றையொட்டி ஒரு சிவப்புக் கோடு இழுத்தது. கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குப் புதுக்கடன் கிடையாது, பழைய கடனுக்குப் புதுப்பிப்பு கிடையாது. ஆற்றோரத் தெரு முழுசாக உள்ளே விழுந்தது.

அந்தத் தெருவின் நடுவில் ஒரு சலவைக்கடை இருக்கிறது. கடைக்காரர் நம் குடைக்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஊரிலேயே அதிகம் நனையும் தெருவில் உலர் சலவை நிலையம் நடத்தும் துணிச்சல்காரர். கடையை இதே வங்கியில் அடமானம் வைத்து, அந்தக் கடனில் பெரிய சலவை இயந்திரங்களை வாங்கி வைத்திருந்தார். அந்த மழைக்காலத்தோடு கடனைப் புதுப்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கட்டவேண்டும். கட்ட முடியாது. கடை போய்விடும். இதுதான் விஷயம்.

தம்பி அக்காவைத் தேடி வங்கிக்கே வந்தார். நான் அன்றைக்கும் அங்கே இருந்தேன்.

“அக்கா, ஒரே ஒரு தடவ, எனக்காக வெயில்ல வாயேன். தண்ணி வராத கடைன்னு எழுதிட்டா கோட்டுக்கு வெளிய விட்டுடுவாங்க.”

“உன் கடைக்கு நான் மதிப்புப் போட முடியாதுடா. சொந்தக்காரங்கன்னு அப்பவே எழுதிக் குடுத்துட்டேன். வேற ஆளுதான் வருவாரு.”

“அப்ப அவர வெயில்ல வரச் சொல்லு.”

“அவர மழைல போகப் பழக்குனதே நான்தான்.”

“ரொம்ப நல்லாருக்கு! ஊர்ல அவனவன் அக்கா பேங்க்ல இருந்தா தம்பிக்கு உபகாரம் பண்ணுவா. எனக்குன்னு வாய்ச்சது பாரு.”

“தண்ணி வருதா இல்லையாடா உன் கடைக்கு?”

“வரும். படிக்கு வரும். ரெண்டாவது படியத் தாண்டாது. அதுக்கு மேல கடை.”

“இந்த வருஷம் தாண்டும்.”

“தாண்டாது.”

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “பந்தயம். ரெண்டாவது படிய முழுசா நனைச்சுதுன்னா, இந்த ஆபீஸ் திரைச்சீலை அத்தனையும் நீ சும்மா துவைச்சுத் தரணும். நனைக்கலன்னா நான் ஒரு வாரம் உன் கடைல வந்து இஸ்திரி போடறேன். ஆனா எதுக்கும் மெஷினையெல்லாம் மாடிக்கு ஏத்திடு.”

“மாடில நாங்க குடியிருக்கோம்!”

“நீங்க கீழ வாங்க. நீ நனைஞ்சா துவட்டிக்கலாம். மெஷின் நனைஞ்சா?”

தம்பி திரைச்சீலைகளை ஒரு பார்வை பார்த்தார். தொழில் தெரிந்தவர் அல்லவா, முகம் லேசாக வெளிறியது. ஆனாலும் “சரி, பந்தயம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அம்மாளிடம் கேட்டேன். ஒரு தெருவுக்காகத் தலைமை அலுவலகம் ஏன் இப்படித் துடிக்கிறது?

“ஒரு தெருவா? இந்தத் தண்ணி எங்க போய் நிக்குதுன்னு நினைக்கறீங்க? காப்பீடு போச்சுன்னா நாங்க கடன நிறுத்துவோம். கடன் இல்லன்னா வீட்ட வாங்க ஆள் இருக்காது. விலை விழும். விலை விழுந்தா, எங்ககிட்ட அடமானம் இருக்குற வீடெல்லாம் குடுத்த கடனுக்கே காணாது. எங்க பேங்க் இந்தக் கடனையெல்லாம் ஒரே மூட்டையாக் கட்டி, முதலீட்டுப் பத்திரமா மாத்தி, வெளியூர்ல வித்திருக்கு. யாரு வாங்கினது? ஓய்வூதிய நிதி. எங்கயோ ஆறே இல்லாத ஊர்ல ரிட்டயரான ஒரு வாத்தியார் ஈஸி சேர்ல சாஞ்சிருக்காரு. அவரோட ஒரு கால் இந்தத் தெருத் தண்ணிலதான் இருக்கு. அது அவருக்கே தெரியாது.”

“அப்ப கோடு போட்டது சரிதானே?”

“தப்பு!” மேசையில் ஒரு தட்டு. “தண்ணி வர்ற வீடு வேற, தண்ணில கெடுற வீடு வேற. நான் வாசல் வாசலா அளந்திருக்கேன். ஒரே தெரு, ஒரே மழ. ஒரு வீட்டுல மின்பெட்டி தரையோட இருக்கு, அவன் கத போச்சு. பக்கத்து வீட்டுல தலைக்கு மேல இருக்கு, அவன் தண்ணிய வழிச்சு விட்டுட்டு மறுநாள் வேலைக்குப் போறான். வரைபடத்துல ரெண்டும் ஒரே சிவப்பு. எல்லாரையும் கைவிட்டா நாமளே விலைய விழ வெச்ச மாதிரி. மதிப்ப உள்ளபடி குறைச்சுப் போடு. குறைஞ்ச மதிப்புக்குக் கடன் குடு. அந்தக் கடன்ல முதல்ல சாமானையும் மின்பெட்டியையும் மேல ஏத்தச் சொல்லு. அப்புறம் காப்பீட்டுக்காரனக் கூப்பிட்டுக் காட்டு.”

இதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியும் இருந்தார். கோடு போட்ட அதிகாரியே நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. எப்போது? நல்ல வெயில் நாளில்.

அம்மாள் அன்று வேறு வேலை என்றார். அடுத்து ஒரு தேதி வந்தது, அன்றும் வெயில். மேலாளருக்கு உடம்பு சரியில்லை என்றார். மேலாளருக்கு இது தெரியாது.

“எனக்கென்ன மேடம் உடம்புக்கு?”

“இப்போதைக்கு ஒண்ணுமில்ல சார். அவர் வெயில்ல வந்துட்டுப் போனா வந்துடும்.”

கடைசியில் வானிலை அறிக்கையைப் பார்த்து அவரே தேதி கொடுத்தார். கோடு போட்ட அந்த வரைபடக்காரர் ரயிலில் வந்து இறங்கினார். கண்ணாடிபோல் துடைத்த காலணி, சலவை மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் சுருட்டிய வரைபடம். அம்மாள், மேலாளர், நான் எல்லோரும் அவரோடு தெருமுனையில் இறங்கும்போதே கொட்டத் தொடங்கியது. முடிதிருத்துபவர் தம் கடை வாசலில் நின்று என்னைப் பார்த்து, “நான் சொன்னேன்ல?” என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

சலவைக்கடையை அடைவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. வரைபடக்காரர் ஒரு குழியில் கால் வைத்தார். பிறகு இடுப்பு வரை வந்துவிட்டது, அவருக்கு மட்டும். அக்காவும் மேலாளருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கிப் படியில் நிறுத்தினார்கள்.

பக்கத்தில் ஒரு தையல்கடை. மின்பெட்டி தரையோரம் இருந்ததால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தையற்காரர் துணிக்கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு இருட்டில் நின்றிருந்தார். அதே சுவருக்கு இந்தப் பக்கம் சலவைக்கடை. கீழ்த்தளம் காலி, மின்பெட்டி தலைக்கு மேல். மேலிருந்து ‘உம்ம்ம்’ என்று இயந்திரச் சத்தம். தம்பி ஞாயிற்றுக்கிழமையில் அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக் கயிறு கட்டி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியிருந்தார். அக்கா சொன்னதற்காக அல்ல, பந்தயத்தில் ஜெயிக்கிறவனுக்கு ஒரு பெருந்தன்மை வேண்டாமா என்றார். மாடி ஜன்னலிலிருந்து ஒரு கூடை கயிற்றில் இறங்கியது. தெருவில் தண்ணீரில் நின்ற ஒருவர் அதிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் குடைக்குள் வைத்துக்கொண்டு போனார். கொட்டும் மழையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

வரைபடக்காரருக்கோ குளிரில் பற்கள் தந்தியடித்தன. தம்பி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“சார், கால்சட்டையக் கழட்டிக் கூடைல போடுங்க. காய வெச்சுத் தர்றேன்.”

“இங்கயா?”

“வெட்கப்படாதீங்க சார், உள்ள தடுப்பு இருக்கு. அதுவரைக்கும் இதப் போட்டுக்குங்க.”

கூடையில் இறங்கி வந்தது யாரோ ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டை. அவர் வரைபடக்காரரைப்போல் இரண்டு மடங்கு இருப்பவர் என்பது மட்டும் தெரிந்தது. ஆகவே இந்த ஊர் நிதி வரலாற்றில் முக்கியமான அந்த முடிவு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அதிகாரியால் எடுக்கப்பட்டது.

அவர் தையல்கடையின் இருட்டைப் பார்த்தார். மேலே சத்தத்தைக் கேட்டார். வரைபடத்தை விரிக்கப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. நனைந்த தாளில் சிவப்புக் கோடு கரைந்து ஆற்றோடு சேர்ந்துகொண்டிருந்தது.

“நாங்க ரெண்டையும் ஒண்ணாத்தான போட்டிருக்கோம்,” என்றார் மெல்ல.

“ஆமா சார்,” என்றார் அம்மாள். “எல்லாரையும் கை கழுவ வேண்டாம். ஆனா ஆத்து முனையில இருக்குற ரெண்டு வீட்டுக்கு நானே சொல்றேன், குடுக்காதீங்க. அங்க எத ஏத்தினாலும் தாங்காது. அவங்க வேற இடம் போக வேணா கடன் குடுங்க.”

மேலாளர் வழக்கம்போல் ஆரம்பித்தார்: “மேலிடத்துல என்ன சொல்லுவாங்களோ...”

“மேலிடம் நான்தான்,” என்றார் வரைபடக்காரர், கால்சட்டையை இறுக்கிப் பிடித்தபடி.

இதற்கிடையில் தம்பியின் கண் முழுக்கப் படியில்தான். தண்ணீர் முதல் படியை மூழ்கடித்தது. இரண்டாவது படியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மழை குறைந்தது. தம்பி ஜன்னலிலிருந்து கத்தினார்: “அக்கா! வீட்டுல இருந்து இஸ்திரிப் பெட்டி எடுத்துட்டு வா!”

அப்போதுதான் தெருமுனையில் ஒரு பேருந்து திரும்பியது. அந்தத் தண்ணீரில் எந்த ஓட்டுநரும் வரமாட்டார். இவர் வந்தார். பேருந்து கடையைக் கடக்கையில் ஓர் அலை எழும்பி, இரண்டாவது படியை முழுசாக ஏறி, மூன்றாவது படியில் நின்ற மேலாளரின் காலையும் கழுவிவிட்டுத் திரும்பியது.

“தாண்டிடுச்சு!” என்றார் அக்கா.

“அது பஸ்ஸு!”

“பஸ் பாலையா ஊத்துச்சு? தண்ணிதான?”

“வெள்ளம் தாண்டணும்னுதான் பேச்சு!”

“ரெண்டாவது படிய முழுசா நனைக்கணும்னுதான்டா பேச்சு. நனைச்சுதா இல்லையா?”

இருவரும் ஒரே நேரத்தில் வரைபடக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தம் கால்சட்டை காய்ந்துவிட்டதா என்று விசாரித்தார்.

கோடு போனது. அதன் இடத்தில் வரைபடத்தில் வாசலுக்கு வாசல் தனித்தனிப் புள்ளிகள் வந்தன. தம்பியின் கடையை வேறொரு அதிகாரி வந்து மதிப்பிட்டார், மழையில்தான். காப்பீட்டு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கடனைப் புதுப்பித்தார்கள். கேட்டதைவிடக் குறைவு என்று தம்பி புலம்புகிறார். அப்படிப் புலம்பக் கடை இருக்கிறது. தையற்காரர் அடுத்து வாங்கிய கடனில் மின்பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டார். முடிதிருத்துபவர் கடைத் தரையையே உயர்த்திவிட்டதால், இப்போது முடிவெட்ட ஏணிப்படி ஏறவேண்டியிருக்கிறது. காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, உயர்த்திய வீடுகளுக்கு மட்டும், கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில், திரும்பிவந்தார்கள். ஆற்று முனையின் இரண்டு வீடுகளில் ஒன்று காலி. இன்னொன்றின் உரிமையாளர் குடைக்காரம்மாவோடு பேசுவதில்லை. எதிர்வீட்டை வாங்க இருந்தவர் வந்தேவிட்டார். விலையைக் குறைத்துத்தான் கேட்டார். இனி எதை மறைக்க என்று, இரு வண்ணப் பூச்சை அவர் ஒரே வண்ணமாக்கச் சொன்னாராம்.

தலைமை அலுவலகம் இப்போது எல்லாக் கிளைகளுக்கும் குடை வாங்க அனுமதி கொடுத்திருக்கிறது. எங்கெங்கோ ஊர்களில் மழை வந்தால் வங்கிக்காரர்கள் வெளியே ஓடுகிறார்கள். அங்கெல்லாம் என்ன வதந்தி கிளம்புமோ.

பந்தயம் மட்டும் தீரவில்லை. வரைபடக்காரரிடம் சாட்சி கேட்டு இருவருமே எழுதினார்கள். அலையையும் வெள்ளமாகக் கொள்ளலாமா என்பது மேலும் ஆராயப்பட வேண்டியது என்று பதில் வந்தது. அக்கா ஒருநாளும் இஸ்திரி போடப் போகவில்லை. தம்பி ஒருநாளும் துவைக்க வரவில்லை. போன வாரம் அவர் கடன் தவணை கட்ட வங்கிக்கு வந்தபோது, அக்கா எழுந்துபோய் ஜன்னல் திரைச்சீலையை ஒரு தட்டு தட்டினார். கவுண்ட்டரில் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் தும்மினார்கள்.

தம்பியும் தும்மினார். தவணையைக் கட்டினார். ரசீதை வாங்கிக்கொண்டு, “அது பஸ்ஸு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.